பாலுக்குள் ஒரு கண்ணாடி வில்லை

செங்கற்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே வந்ததும் நாங்கள் மூவரும் செய்த முதல் காரியம், வரிசையில் நின்றது. எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னாலும் இல்லை. குதிரை வண்டிகள் நிற்கும் வேப்பமரத்தடியில் நான், என் மனைவி தனம், மகள் கயல் என்று ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நின்றோம். நான்கு ஆண்டுகள் இங்கிலாந்தில் பழகிய கால்கள். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

வண்டிக்காரர் வாயிலிருந்து பீடியை எடுத்தார். "இன்னா சார், யாராவது போட்டோ புடிக்கிறாங்களா?"

ஊர் திரும்பியதைப் போய்ப் பயணக் கட்டுரையாக எழுதலாமா என்று கேட்பவர்கள் கயலைக் கேட்டுக்கொள்ளலாம். நாலு வயதில் போய் எட்டு வயதில் வந்தவளுக்குச் செங்கற்பட்டுதான் வெளிநாடு. குதிரை கொள்ளுத் தின்பதைப் பார்த்துவிட்டு அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "இந்தப் பேருந்து வழியில் சாப்பிடுவதற்கும் நிற்குமா?" நின்றது. இரண்டு இடத்தில்.

தனம் நர்ஸ். வட இங்கிலாந்தின் புகை மண்டிய ஓர் ஆலை நகரத்து மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, கவிதை எழுதுவதைத் தவிர வேறு அவசரம் இல்லாத நானும் கூடவே போனேன். அங்கே இரண்டடுக்குப் பேருந்தில் கண்டக்டர் ஆனேன். மழையும் நானும் ஒரே படிக்கட்டில் தொங்கினோம். இப்போது மருத்துவமனை அவளுக்குக் கொடுத்திருப்பது நீண்ட விடுப்புத்தான். தை முடிவதற்குள் வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவள் சொல்லியாக வேண்டும். இங்கேயும் வேலை கிடைக்கும். சம்பளம்தான் பாதிக்கும் பாதி. எனக்கு இங்கேயே இருந்துவிட ஆசை. அந்த ஆசையை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, "உன் இஷ்டம், தனம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன்.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா ருக்மணியிடம். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"நாலு வருஷம் பூட்டிக் கெடந்த வூடு. புது வூடு மாதிரிதான். பாலு காய்ச்சாம உள்ள ஒரு சாமான் போவக் கூடாது. அதுக்கும் மார்கழியில வந்து எறங்கினு கீறீங்களே, ஒங்களுக்கு வேற மாசம் கெடைக்கலையா?"

அக்கா சொன்னால் சொன்னதுதான். என் கவிதைகளில் நான் சகுனத்தைச் சாட்டையால் அடித்தவன்; வாசலில் அக்காவைப் பார்த்ததும் சாட்டையைச் சுருட்டிக்கொண்டேன். தெருக்காரர்கள் நாலைந்து பேர், அக்காவின் கணவர் பலராமன் மாமா, எல்லோரும் சமையலறையில் நெருக்கி நின்றார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கிழக்கே பார்க்க வைத்தாயிற்று. தனம் பெட்டியிலிருந்து தன் பால் பாத்திரத்தை எடுத்தாள், பாலை ஊற்றினாள், தீயை ஏற்றினாள். கும்பிட்ட கையோடு எல்லோரும் பாலைப் பார்த்தோம்.

பால் பொங்கவில்லை. முணுமுணுத்தது, கொதித்தது, அடியிலிருந்து 'டக் டக் டக்' என்று குளிரில் பல் அடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. மேலே எழுந்து வருவதும், ஏதோ நினைவு வந்ததுபோல இறங்கிப் போவதுமாக இருந்தது.

"இன்னாடி தனம் இது? பாலு பேசிகினு கீது, பொங்க மாட்டேங்குது!"

அப்போதுதான் தனம் நெற்றியில் கை வைத்தாள். மாமா கரண்டியை விட்டுத் துழாவி, பாத்திரத்தின் அடியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் தடித்த கண்ணாடி வில்லை ஒன்றை மீன்போலத் தூக்கினார். இங்கிலாந்துச் சமையலறைகளில் சர்வசாதாரணமான பொருள் அது. பாத்திரத்தில் போட்டுவிட்டால் கொதி கொதியென்று கொதித்தாலும் பால் பொங்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் ஒரு வரியைத் தேடிப் போய்விடுகிற கணவனுக்காகத் தனம் வாங்கியது. நான்கு ஆண்டுகளாகப் பால் என்றால் வில்லை. கை தானாகப் போட்டுவிட்டது.

"பாலுக்கே பூட்டு போட்டு வெச்சிகினு கீறியேம்மா!" என்றார் மாமா.

பூட்டை எடுத்தாயிற்று, இனிப் பொங்கும் என்று பார்த்தால், ஸ்டவ் 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டு அணைந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. ரேஷன் கடை மறுநாள்தான் திறக்கும்.

எல்லோரும் பொங்காத பாலை ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் வாசற்படியில் நின்று தீர்ப்புச் சொன்னாள். "இந்த வூட்ல நீங்க தங்க மாட்டீங்க. தை பொறக்கட்டும், நானே வந்து காய்ச்சறேன்."

மூன்று பெட்டிகளில் இரண்டைத் தனம் அன்றே பிரித்தாள். குளிர்காலக் கம்பளிக் கோட்டுகள் இருந்த மூன்றாவதைப் பூட்டியபடியே கட்டிலுக்கடியில் தள்ளினாள். அது திறந்தால் தங்குகிறோம், திறக்காவிட்டால் போகிறோம். அவள் சொல்லவில்லை. வீட்டுப் பல்லிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை நாஸ்தா அக்கா வீட்டில். இட்லி, வடகறி, முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு. கயல் முள்கரண்டி கேட்டாள். அக்கா தன் மருமகளின் பெருமையைக் காக்க எதிர்வீட்டில் கேட்டு, அங்கே இல்லாமல், கடைசியில் தேங்காய் துருவியிலிருந்து கழன்ற ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தாள். கயல் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கையால் சாப்பிட ஆரம்பித்தாள்.

சாப்பிட்டு முடித்து, பழக்கத்தில் என் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"ஐய, இன்னாடா இது அசிங்கம்? பொம்பளைங்க ரெண்டு பேரு கல்லு மாதிரி நின்னுகினு கீறோம், நீ தட்டு கழுவறியா? வெள்ளக்காரன் இதத்தான் கத்துக் குடுத்தானா?"

மாமா தன் சாய்வு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த நாற்காலியின் துணி உடம்பை வாங்கிக்கொண்ட விதத்தை என்ன சொல்ல! மார்கழி வெயில் பாதத்தை நக்கியது. ஏரிக் காற்று வந்தது. காபி வந்தது. செய்தித்தாள் வந்தது. வெற்றிலை வந்தது. கிணற்றடியில் தனம் பாத்திரம் தேய்க்கிற ஓசைகூடத் தாளக்கட்டோடு வந்தது. ஆகா, ஊர் என்றால் இதுதான் என்று எழுதிக்கொண்டேன். அடுத்த நாளும் அதே நாற்காலி. அதற்கடுத்த நாள் நாற்காலி என் பெயருக்கே ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனார். ஏரிக்குள் நின்ற கடம்ப மரங்கள் முழுக்கப் பறவைகள். மரம் காய்த்ததா, வெள்ளையடித்ததா என்று தெரியாத கூட்டம்.

"அதுங்களும் ஃபாரின் ரிட்டர்ன்தான், மச்சான்" என்றார் மாமா. "ஆனா பொட்டி தூக்கிகினு வர்ல பாரு. புத்திசாலிங்க."

கரையில் ஒருவரிடம் தொலைநோக்கி இருந்தது. தனம் அதை இரவல் வாங்கி நெடுநேரம் ஒரே மரத்தைப் பார்த்தாள். "அந்த ஆண் நாரை மூணாவது தடவையா குச்சி கொண்டு வருது" என்றாள். "எங்கேர்ந்து வந்ததோ. இங்க வந்ததும் உக்காந்துடல."

நல்ல வரி என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். அதற்குமேல் அதில் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கவலை வேறாக இருந்தது. அந்தக் கண்ணாடி வில்லை சமையலறை அலமாரியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொங்கலன்று அக்கா மறுபடி பால் காய்ச்ச வருவாள். தனத்தின் கை மறுபடி வில்லையைப் போட்டுவிட்டால்? பால் மறுபடி முரண்டு பிடித்தால்? பெட்டி திறக்காது. சகுனத்தை நான் நம்பவில்லை. ஆனால் சகுனம் என்னை நம்பிவிட்டால் என்ன செய்வது? மாமல்லபுரம் போகலாம் என்று நானே கிளப்பினேன். கிளம்பும் முன் வில்லையை எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். கடல் பெரியது. வில்லை சிறியது.

பேருந்தில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும், தொழில் பாசத்தில், "மிக்க நன்றி" என்றேன். அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், நக்கலா?"

"இல்லைங்க, நெஜமாத்தான்."

"சில்ற பாக்கி இருந்தா நேரா கேளு சார். இப்டி மனச நோவடிக்காத."

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால், மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வண்டி இருமி நின்றுவிட்டது. இங்கிலாந்தில் என் பேருந்து நின்றால் பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். இங்கே கண்டக்டர் விசில் ஊதுமுன் பாதிப் பேர் கீழே குதித்துவிட்டார்கள். நானும் ஜிப்பாக் கையை மடித்துக்கொண்டு போனேன். ஒரு தலைப்பாக்காரர் தடுத்தார்.

"நீங்க நில்லுங்க சார், ஃபாரின்லேர்ந்து வந்தவரு. இந்தக் கொடைங்கள புடிச்சிக்குங்க, போதும்."

புளியமரத்தடியில் ஏழெட்டுக் குடைகளோடு நின்றேன். தனம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுகிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். பக்கத்தில் பூக்கூடைகளோடு நின்ற இரண்டு பெண்கள், எனக்குத் தெலுங்கு தெரியாது என்ற நம்பிக்கையில் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள்.

"அந்த ஆள் என்ன செய்கிறார்?"

"பார்த்தால் தெரியவில்லையா? குடை வளர்க்கிறார்."

"அது அவர் பெண்சாதியாம். பாவம், வண்டியைத் தள்ளித் தள்ளியே பழகியிருப்பாள்."

வண்டி உறுமிக் கிளம்பியது. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த தனம், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அங்க பனியில பஸ்ஸைத் தள்ளினவர்தானே நீங்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். குடைகளை உரியவர்களிடம் கொடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மாமல்லபுரத்தில் கடல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லுளி ஓசை தெருவெங்கும் தெறித்தது. கயல் கல் யானையிடம் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்து, அது பதில் சொல்லாததால் தமிழுக்கு மாறினாள். கடற்கோயிலுக்குத் தள்ளி, படகுகளின் நிழலில் ஓர் அம்மாள் கல்லடுப்பில் சங்கரா மீன் பொரித்துத் தையல் இலையில் வைத்துக் கொடுத்தாள். எங்கள் ஆலை நகரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் செய்தித்தாளில் சுற்றி ஒரு மீன் தருவார்கள். மாவுச் சட்டை போட்ட, முகம் தெரியாத மீன். இந்த மீன் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டே வெந்திருந்தது. மிளகாய் மூக்கில் ஏற, கயல் அழுதுகொண்டே இன்னொன்று கேட்டாள்.

இதுதான் சமயம் என்று நான் எழுந்தேன். "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கவிஞனுக்குரிய முகத்தோடு அலை நுனிக்குப் போனேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, வில்லையை எடுத்து, பலம் கொண்ட மட்டும் வீசினேன். வெயிலில் ஒரு மின்னல், பிறகு தண்ணீர்.

திரும்பிப் பத்தடி நடந்திருப்பேன்.

"அண்ணாத்த! ஓ அண்ணாத்த!"

அலைக்குள்ளிருந்து வலையை இழுத்தபடி அப்போதுதான் கரையேறிய கட்டுமரத்திலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "உன் சாமான் அலையில வுழுந்துட்ச்சி. என் வலையில வந்து குந்திகினு கீது பாரு!"

"அது என்னுதில்லைப்பா" என்றேன்.

"உன் கையிலேர்ந்து பறந்து வந்தத நா பாத்தேனே! வெயில்ல மின்னிச்சி." நல்ல மனிதர்கள் நம்மை விடுவதில்லை. நேரே தனத்திடம் போய் நீட்டினார். "இந்தாம்மா. இன்னா இது, டார்ச் லைட்டு கண்ணாடியா?"

தனம் வில்லையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இல்லண்ணே. பால் பொங்காம இருக்கறதுக்குப் போடறது."

"பாலு பொங்கினாதானம்மா நல்லது?"

"அப்படித்தான் இவரும் நெனைச்சிட்டிருக்கார் போல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வலைக்குத் திரும்பினார். தனம் கயலின் மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தாள். நான் அந்த முட்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாலைக் கேட்டீங்க. இப்ப கடலைக் கேட்டுட்டு வரீங்க" என்றாள். "என்னை ஒரு தடவ கேட்டீங்களா?"

"உன் இஷ்டம்னு சொன்னேனே."

"அது கேக்கறதா? அது கழண்டுக்கறது."

அலை வந்து போயிற்று. நானும் ஒரு முள்ளை எடுத்து மணலில் வைத்தேன். "இங்கேயே இருந்துடலாமா, தனம்?"

"இருக்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனா அங்க என்கூட ஒருத்தர் இருந்தார். ராத்திரி டூட்டி முடிச்சி வந்தா ரசம் வெச்சிருப்பார். பாலைப் பொங்க விட்டுட்டு, அவரே அடுப்பைத் துடைப்பார், கவிதை சொல்லிக்கிட்டே. அவர் நம்மகூட வந்து சேரல. ஏரோப்ளேன்லயே தூங்கிட்டார் போல. வந்த நாள்லேர்ந்து தேடிட்டிருக்கேன். உங்க அக்கா வூட்டு நாற்காலியில ஒருத்தர் உக்காந்திருக்கார், அவர் வேற ஆளு. அந்த ஆள் கெடச்சாருன்னா நான் இருக்கேன். இல்லேன்னா அவரைத் தேடிட்டு அங்கேயே போறேன்."

கயல் ஆங்கிலத்தில் கேட்டாள்: "யாரைத் தொலைத்தோம்? அவர் உயரமா?"

"உன் அப்பா உயரம்தான்" என்றாள் தனம்.

 வீடு திரும்பும் பேருந்தில் கண்டக்டருக்கு நான் நன்றி சொல்லவில்லை. அவர் நிம்மதியாக இருந்தார்.

மறுநாளே நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் அது கவிதை. கட்டுரையில் உண்மையைத்தான் எழுத வேண்டும். மறுநாள் தட்டை எடுத்தேன், அக்கா முறைத்தாள், வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். தெருவில் யாரோ செருமினால் தேங்காய் நாரைக் கீழே போட்டுவிட்டுச் செய்தித்தாளை எடுத்தேன். தனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டிலுக்கடியில் பெட்டியும் இருந்தது.

தை பிறந்தது. தெரு முழுக்கக் கரும்பும் மஞ்சளும் பனங்கிழங்கும். கயல் பனங்கிழங்கை மரக்குச்சி என்று நினைத்துப் பென்சில் பெட்டியில் வைத்திருந்தாள். சொன்னபடி அக்கா விடியலிலேயே வந்தாள். அவள் வீட்டுப் பித்தளைப் பாத்திரம், நிறைய மண்ணெண்ணெய், வாசலில் அதே சனம். போன தடவைபோல ஆகிவிடக் கூடாது என்று பாலைக் கழுத்துவரை ஊற்றியிருந்தாள். உள்ளே வில்லை இருக்கிறதா என்று கரண்டியை விட்டு மூன்று தடவை துழாவியும் பார்த்தாள்.

பால் பொங்கியது. பொங்கியது என்றால் சாதாரணமாக அல்ல. மார்கழி முழுக்க அடக்கி வைத்திருந்ததுபோல எழுந்து, நுரைத்து, நாலு பக்கமும் வழிந்து, ஸ்டவ்வை மூழ்கடித்து, மேடையில் ஓடி, தரையில் இறங்கி, மாமாவின் கால் விரலைத் தொட்டது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோரும் கத்தினார்கள். கயல் தான் கற்றிருந்த ஒரே முறையில் கை தட்டினாள், கச்சேரி முடிந்தாற்போல.

சத்தம் அடங்கியது. தீய்ந்த பால் மணம் எழுந்தது. தனம் நின்ற இடத்திலேயே நின்றாள், துடைக்கக் குனியவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"டேய்! வுட்றா!" அக்கா பதறினாள். "நல்ல நாளும் அதுவுமா, தெருவே பாத்துகினு கீது!"

"பாக்கட்டும்க்கா. கொஞ்சம் கால எடு, அடியில ஓடுது."

ஸ்டவ்வைக் கழற்றினேன். தட்டைச் சுரண்டினேன். அடைத்துக்கொண்ட ஓட்டையை ஸ்டவ் ஊசியால் குத்தினேன். பால் ஒட்டிய கையோடு, பழக்கத்தில், ஒரு வரியும் சொல்லிக்கொண்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மச்சான், பேஜார் பண்ணாத" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "நீ பாட்டுக்கு தொடைச்சிட்டு போயிடுவ. நாளைக்கு எங்க வூட்ல நா இன்னா பதில் சொல்றது?"

நான் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி தரையைத் துடைத்தேன். வாசற்படியருகே தனத்தின் குரல் கேட்டது, கயலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்துட்டாரு." பிறகு உள் அறையில், கட்டிலுக்கடியிலிருந்து ஏதோ கனமாக இழுபடுகிற ஓசை. தாழ் இரண்டு தடவை 'கிளிக்' என்றது. அந்துருண்டை வாசனை சமையலறைவரை வந்தது.

கோட்டுகளை வைத்துக்கொண்டு செங்கற்பட்டில் என்ன செய்வது? என் கறுப்புக் கோட்டின்மேல் மாமாவுக்கு முதல் பார்வையிலேயே மனம் போய்விட்டது. தைப் பனிக்கு ஆகும் என்று தொட்டுப் பார்த்தார், தோளில் வைத்துப் பார்த்தார். தனம் அதை மடித்தாள்; மடித்ததன்மேல் ஒரு சமையலறைத் துணியையும் மடித்து வைத்தாள்.

"ரெண்டும் சேந்துதான், அண்ணா. தனித்தனியா தர்றதில்லை."

மாமா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மறுபடி கோட்டைப் பார்த்தார். பித்தான்கள் பளபளத்தன. எடுத்துக்கொண்டார்.

கண்ணாடி வில்லை இப்போது கயலிடம். தெருப் பெண்களோடு பாண்டி ஆடுவதற்கு அதைவிட நல்ல சில்லு இந்த வட்டாரத்தில் இல்லையாம். வெளிநாட்டுச் சில்லு என்று அதற்கு முறை வைத்திருக்கிறார்கள்.

நான் இதை எழுதுவது பொங்கலுக்கு மறுநாள் காலை, எங்கள் அடுப்படியில். பால் பொங்காமல் இருக்க நானே பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. சற்று முன் தெருவில் மாமா போனார். பால் செம்பும் கையுமாக, முழங்காலுக்குக் கீழே தொங்கும் இங்கிலாந்துக் கோட்டில், பனியைப் பிளந்துகொண்டு. இப்போது பக்கத்து வீட்டிலிருந்து தீய்ந்த பால் மணம் வருகிறது. அதன் பின்னாலேயே அக்காவின் குரல்:

"கோட்ட கழட்டி வெச்சிட்டு தொடைங்க! பாலு பட்டா கற போவாது!"